படைத்துறை முடி ஒழுங்கு: திருவனந்தபுரம்

படையில் சேர்ந்தவரின் தலைமுடி, மீசை, தாடி, நெற்றிக்குறி, காதணி ஆகியவை எப்படி இருக்கலாம் என்று வகுக்கும் விதிகளும், அவற்றைப் பயிற்சிக் காலத்தில் உடம்பில் ஏற்றும் முறைகளும் இத்தலைப்பில் அடங்கும். திருவனந்தபுரத்தில் பாங்கோடு இராணுவ நிலையம், 1984 முதல் இயங்கும் தென்மண்டல விமானப்படைத் தலைமையகம், 1962-இல் தொடங்கிய கழக்கூட்டம் சைனிக் பள்ளி ஆகிய மூன்று இடங்களிலும் இவ்விதிகள் அன்றாட நடைமுறை. சவரம் அற்ப விஷயம் என்று தோன்றலாம். தென்னாட்டில் ஒரு படைக் கலகத்துக்குத் தாடையும் தலைப்பாகையும் காரணமாயின என்பதை மறக்கக் கூடாது.

திருவிதாங்கூரில் ஐரோப்பியப் பாணிப் பயிற்சி குளச்சல் போரிலிருந்து வேர்பிடித்தது. 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றபோது சிறைப்பட்டவர்களுள் யூஸ்டாசியஸ் டிலனாயும் ஒருவர். பிறகு அதே மன்னரிடம் பணியேற்றுப் படைத்தலைவராக உயர்ந்தார். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றனர். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள உதயகிரிக் கோட்டையில், லத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு இருக்கிறது. அணிவகுப்பு, துப்பாக்கி, பீரங்கி, கோட்டைக் கட்டுமானம் என அவர் கற்றுக்கொடுத்தவை பல. ஆனால் 1750-இல் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்த அரசு அது. அதன் வீரன் சாமியின் ஊழியன். அவன் நெற்றியிலும் தலையிலும் உள்ளவை ஊர் ஆசாரத்துக்கு உரியவை.

அந்த ஆசாரத்தில் கைவைத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை. தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்கின் காலத்தில், 1805 இறுதியிலும் 1806 தொடக்கத்திலும், புதிய உடை ஒழுங்குகள் வந்தன. சிப்பாய்கள் தாடையைச் சுத்தமாக மழிக்க வேண்டும். மேலுதட்டு மயிரின் அளவும் வடிவமும் இயன்றவரை ஒரேமாதிரி இருக்க வேண்டும். சீருடையில் இருக்கும்போது சாதியைக் காட்டும் நெற்றிக்குறியும் காதணியும் கூடாது. இவற்றோடு தோல் வைத்த புதுத் தலைப்பாகை. தாடி முஸ்லிம்களையும், திருநீறும் நாமமும் இந்துக்களையும், மாட்டுத்தோல் பன்றித்தோல் பற்றிய ஐயம் இருவரையும் தைத்தது. இத்தனை பேரை ஒரே தாளில் பகைத்துக்கொள்வது எளிதல்ல. கிராடக்கின் அலுவலகம் அதைச் செய்து முடித்தது.

1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தார்கள். இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. மன்னிப்புக் கேட்ட 19 பேருக்குத் தண்டனை தள்ளுபடியானது. ஜூலை 10 அதிகாலையில் கோட்டையே எழுந்தது. அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பது அன்றிலிருந்து வழக்காடப்படும் கேள்வி. திப்புவின் கொடி ஏற்றப்பட்டது உண்மைதான். என்றாலும் ஆற்காட்டிலிருந்து படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி கலகத்தை ஒடுக்கியபின் கம்பெனி முதலில் திரும்பப் பெற்றது இந்த உடை ஒழுங்குகளைத்தான். அரசியல் சதி மட்டுமே காரணம் என்றால் தலைப்பாகையைக் கைவிட வேண்டிய தேவை என்ன? ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிராடக்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இது திருவிதாங்கூருக்குப் புறத்தே நடந்த கதை அல்ல. 1805 உடன்படிக்கையின்படி கம்பெனிப் படைக்காக அரசு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டியது. கொல்லத்தில் தங்கியிருந்தது அதே சென்னைப் படை. வேலூர்க் கலகம் நடந்து மூன்றாண்டுக்குள், 1809 ஜனவரியில், வேலுத்தம்பி தளவாய் கம்பெனிக்கு எதிராகக் குண்டறை அறிக்கையை வெளியிட்டார். கோயிலும் ஆசாரமும் கெட்டுவிடும் என்ற அச்சம் அதில் ஓங்கி ஒலித்தது. அவர் தோற்றபின் உள்நாட்டுப் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. 1817-க்குப் பின் ஐரோப்பிய அதிகாரிகளின் கீழ் மெல்ல மறுபடி உருவான படைக்கு 1830-இல் நாயர் பிரிகேடு என்று பெயர் வந்தது. அரண்மனைக் காவலும் கோயில் ஊர்வலமுமே அதற்குப் பெரும் வேலை. அக்கால நாயர் ஆண்களின் அடையாளம் முன்குடுமி. அது மறைந்து கிராப் பரவியதற்குப் படையைவிட ஆங்கிலப் பள்ளியும் கச்சேரி உத்தியோகமும்தான் கூடுதல் காரணம் என்று சொல்லலாம்.

பிரிட்டிஷ் படையின் போக்கோ விசித்திரமானது. இங்கே சிப்பாயின் மீசைக்கு அளவு பார்த்தவர்கள், பின்னாளில் தங்கள் சொந்த வீரர்கள் மேலுதட்டை மழிக்கவே கூடாது என்று விதி வைத்தார்கள். அது 1916 வரை நீடித்தது. முதல் உலகப்போரில் நச்சுவாயு வந்தபின், முகமூடி முகத்தில் இறுகப் பொருந்த வேண்டும் என்பது தாடிக்கு எதிரான நடைமுறைக் காரணமாகச் சேர்ந்துகொண்டது.

விடுதலைக்குப்பின், திருவிதாங்கூர்ப் படை இந்திய இராணுவத்தில் இணைந்து மதராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம், 16-ஆம் பட்டாலியன்களாயிற்று. 9-ஆம் பட்டாலியன் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை விட்டுக்கொடுக்கவில்லை. ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனில். நெய்யாற்றின்கரைப் பையனும் திருநெல்வேலிப் பையனும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மிஷினுக்குத் தலைகொடுப்பது அங்கேதான்.

ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் பேச உட்கார்ந்தால், முதல் துப்பாக்கியைவிட முதல் கட்டிங்தான் முன்னால் வரும். ஊரில் சினிமா நடிகர்போல வளர்த்த சுருள்முடி நொடியில் தரையில் கிடக்கும். பக்கத்துக் கட்டில்காரனை அடையாளம் தெரியாது. குளிரில் பச்சைத் தண்ணீரில் சவரம் செய்ய வேண்டும். பரேடில் பயிற்சி தரும் உஸ்தாத் தாடையைத் தடவிப்பார்த்து, சொரசொரப்புத் தட்டினால் 'ரகடா' என்ற தண்டனைப் பயிற்சி கொடுப்பார். அப்போது அழுததையும் இப்போது சிரிப்பதையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். தமிழில் இந்த நினைவுகள் பெரும்பாலும் திண்ணையோடு நின்றுவிட்டன. மலையாளத்தில் அவை இலக்கிய வகையாகவே வளர்ந்தன. பாறப்புறத்து, நந்தனார், கோவிலன், ஏகலவ்யன் ஆகியோரின் பட்டாளக் கதைகள் முகாம் வாழ்வின் அவமானத்தையும் பசியையும் தோழமையையும் பளபளப்பில்லாமல் எழுதின. பாறப்புறத்தின் 'நிணமணிஞ்ஞ கால்பாடுகள்' 1963-இல் திரைப்படமானது. கோவிலன் கடற்படையிலும் தரைப்படையிலும் பணியாற்றியவர். படை வரலாற்று நூல்கள் சொல்லாத பயிற்சிக் களத்தை அறிய இவர்களைத்தான் படிக்க வேண்டும்.

இன்றைய விதிகள் 1806-ஐ ஓரளவு நினைவில் வைத்திருக்கின்றன. முடி வெட்டுவதை மதமே தடுக்கும் சீக்கியர் போன்றோருக்கு விலக்கு உண்டு. கடற்படையில் அனுமதி பெற்று முழுத் தாடி வைக்கலாம். விமானப்படையில் மத விலக்கை வகுப்பது 1964-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் 425-ஆம் விதி. தாடி வைக்க அனுமதி மறுக்கப்பட்ட முஸ்லிம் விமானப்படை வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் படையின் பக்கம் நின்றது. மத நம்பிக்கையில் தலையிடுவது விதியின் நோக்கமல்ல, ஒருமைப்பாடும் ஒழுங்குமே நோக்கம் என்றது. இஸ்லாம் முடி வெட்டுவதையோ மழிப்பதையோ தடைசெய்கிறது என்று காட்டப்படவில்லை என்றும் சொன்னது. சட்டப்படி தெளிவான தீர்ப்புதான். தடை என்றால் விலக்கு, கடமை என்றால் விலக்கில்லை என்ற அந்தக் கோடு, நம்பிக்கை உள்ளவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

மீசைக்கு மட்டும் என்றும் செல்வாக்கு குறைந்ததில்லை. 2019 மார்ச் 1 அன்று பாகிஸ்தானின் பிடியிலிருந்து விடுபட்டுத் திரும்பிய விமானப்படை விங் கமாண்டர் அபிநந்தனின் கன்னம்வரை இறங்கும் மீசையை நாடெங்கும் இளைஞர்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். சலூனிலிருந்து படைக்குப் போகும் முடி, அந்த வாரம் எதிர்த்திசையில் பயணம் செய்தது.

பெண்கள் 1992 முதல் மருத்துவம் சாராத பிரிவுகளில் அதிகாரிகளாகவும், 2021-இல் பெங்களூரில் பயிற்சி முடித்த முதல் அணியிலிருந்து இராணுவக் காவல்பிரிவுச் சிப்பாய்களாகவும் வந்தபின் விதிப்புத்தகத்தில் கொண்டைக்கும் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று.