துரத்தப்பட்ட தூதரின் பூ

டிசம்பர் பிறந்ததும் ஏதாவது நர்சரிப் பக்கம் போய்ப் பாருங்கள். வாசலிலேயே வரிசையாகத் தொட்டிகள் வைத்திருப்பார்கள். கீழே கரும்பச்சை இலை, உச்சியில் ரத்தச் சிவப்பு. கிறிஸ்துமஸ் கேக் வாங்கப் போகிறவர்கள் கையோடு இதிலும் ஒன்றை வாங்கிப் போவார்கள். பெயர் என்ன என்று கேட்டால், பாயின்செட்டியா என்பார் கடைக்காரர்.

ஏதோ லத்தீன் சமாசாரம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். தன் நாட்டை விட்டுப் போய்த் தொலையட்டும் என்று எந்த தேசம் அவரைத் துரத்தியதோ, அந்த தேசத்தின் பூவுக்குத்தான் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் பூவின் கதை. பூர்விகம் மெக்சிகோ. அங்கே இது தொட்டிச்செடி இல்லை. பத்துப் பன்னிரண்டு அடிக்கு வளர்கிற காட்டுப் புதர். அஸ்டெக் மக்கள் இதை குவெட்லாஷோச்சிட்ல் என்று அழைத்தார்கள். உச்சரித்துப் பார்த்துப் பல்லை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஷோச்சிட்ல் என்றால் பூ, அதுவரை புரிந்தால் போதும். இதிலிருந்து சாயம் எடுத்தார்கள். இதன் பாலை மருந்தாக்கினார்கள்.

பிறகு ஸ்பானியர்கள் வந்தார்கள். கூடவே பாதிரியார்களும். டிசம்பரில் சரியாகச் சிவக்கிற செடி கண்முன்னால் இருக்கும்போது விடுவார்களா? கிறிஸ்து பிறப்பு விழாவின் அலங்காரத்துக்கு வந்து சேர்ந்தது. காணிக்கை வாங்கக் காசில்லாத ஓர் ஏழைச் சிறுமி வழியில் முளைத்த களைச்செடியைப் பறித்துப் போய்க் கோயிலில் வைத்தாளாம், அது சிவப்பாக மாறிவிட்டதாம். மெக்சிகோவில் இன்றும் சொல்கிற கதை. அவர்கள் இதை நோச்சேபுவேனா என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்று பொருள்.

ஆக, ஏற்கெனவே இரண்டு பெயர்கள். இதற்குமேல் மூன்றாவது எதற்கு?

1821ல் மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. 1825ல் அமெரிக்கா தன் முதல் தூதரை அங்கே அனுப்பியது. ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட். சார்லஸ்டன் நகரத்துக்காரர். படித்தவர், ஊர் சுற்றியவர், செடி கொடிகள் என்றால் உயிர். அடிமைகளையும் வைத்திருந்தவர்.

தூதர் என்றால் தூது வேலையோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் அல்லவா? பாயின்செட் நிறுத்தவில்லை. உள்ளூர் அரசியலில் காலை விட்டார். அப்போது மெக்சிகோவில் கட்சிகள் என்றால் ஃப்ரீமேசன் சங்கங்கள்தான். ஒரு கோஷ்டிக்கு அங்கீகாரம் வாங்கிக் கொடுத்து, இன்னொரு கோஷ்டிக்கு எதிராகக் கொம்பு சீவி விட்டார். தவிரவும், டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் சொத்து. பத்து லட்சம் டாலர் வரை கொடுத்து அதை வாங்க முடியுமா பார் என்று 1827ல் வாஷிங்டனிலிருந்து அவருக்கு உத்தரவே வந்திருந்தது. மெக்சிகோக்காரர்களுக்கு எரிச்சல் வந்ததில் என்ன ஆச்சரியம்? அழையாமல் வந்து அதிகாரம் செய்வதற்கு அவர்கள் ஒரு சொல்லையே உண்டாக்கினார்கள். பாயின்செட்டிஸ்மோ!

இப்போது 1829. அந்த ஒரே வருடத்தில் இரண்டு சம்பவங்கள்.

ஒன்று, ஜூன் மாதம் பிலடெல்பியாவில் ஒரு மலர்க் கண்காட்சி. பாயின்செட் அனுப்பிவைத்த மெக்சிகோ செடி அங்கே அமெரிக்கப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. இரண்டு, இந்த ஆளைத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள் என்று மெக்சிகோ அரசு அமெரிக்காவைக் கேட்டது. கேட்டவர் ஜனாதிபதி விசென்ட்டே கெரேரோ. பாயின்செட் ஆதரித்த கோஷ்டியைச் சேர்ந்தவர்தான்! அவராலேயே தாங்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1830 ஜனவரியில் தூதர் கிளம்பிப் போனார். பூ தங்கிவிட்டது.

ஜெர்மானியர்கள் 1834லேயே இதற்கு யூபோர்பியா புல்செரிமா என்று பெயர் வைத்தார்கள். யூபோர்பியாக்களில் பேரழகி என்று அர்த்தம். 1836ல் எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் கிரஹாம் தன் பங்குக்கு 'பாயின்செட்டியா' என்று சூட்டினார். அறிவியல் முந்தைய பெயரைத்தான் ஏற்றுக்கொண்டது. சந்தை பிந்தையதைப் பிடித்துக்கொண்டது.

அத்தோடு முடியவில்லை. 1837 முதல் 1841 வரை பாயின்செட் அமெரிக்காவின் யுத்த மந்திரி. செரோக்கி என்னும் பூர்வகுடி மக்கள் தங்கள் மண்ணிலிருந்து ராணுவத்தால் பெயர்த்தெறியப்பட்டது அந்தக் காலத்தில்தான். 1838-39 குளிர்காலத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நடந்தார்கள். உறைந்த ஆற்றங்கரையில் காத்துக் கிடந்தார்கள். குளிரிலும் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கண்ணீர்ப் பாதை என்று சரித்திரம் அதைக் குறித்து வைத்திருக்கிறது. அந்த நடையின் நடுவிலும் ஒரு கிறிஸ்துமஸ் வந்து போனது.

சரி, காட்டுப் புதர் எப்படித் தொட்டிக்குள் வந்தது? நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இந்தப் பகுதிதான் சுவாரசியம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து கலிபோர்னியா வந்து சேர்ந்தது எக்கே குடும்பம். சாலையோரம் இந்தப் பூவை வெட்டி விற்றார்கள். அடுத்த தலைமுறை ஒட்டுக் கட்டுவதில் ஒரு தந்திரத்தைப் பிடித்தது. நெட்டையாக ஒற்றைத் தண்டில் வளரவேண்டிய செடி, குட்டையாக, புஷ்டியாக, பல கிளைகளோடு வந்தது. எப்படி என்று வெளியே மூச்சு விடவில்லை. பல பத்தாண்டுகள் அமெரிக்கச் சந்தை அவர்கள் கையில். டிவி நிகழ்ச்சிகளுக்கு இலவசமாகச் செடி அனுப்பி, இது இல்லாமல் கிறிஸ்துமஸே இல்லை என்றாக்கினார்கள்.

1990களில் ரகசியம் உடைந்தது. அது என்ன தெரியுமா? ஒரு தொற்று! ஃபைட்டோபிளாஸ்மா என்கிற கிருமி ஒட்டு வழியாகச் செடிக்குள் போய்க் கிளை விட வைக்கிறது. 1997ல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். சீக்குப் பிடித்த செடியைத்தான் நாம் அழகு என்று வாங்கி வந்து வைத்திருக்கிறோம். போட்டியாளர்கள் புகுந்தார்கள். 2012ல் எக்கே குடும்பம் தொழிலை விற்றுவிட்டது. மெக்சிகோவில்? அங்கே விவசாயிகள் வளர்க்கும் ரகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு நிறுவனங்கள் உருவாக்கியவை. சொந்த மண்ணின் பூவுக்கு ராயல்டி கட்டி வளர்க்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு வாங்கலாமா என்று கேட்காதீர்கள். செடி என்ன பாவம் செய்தது? பார்த்து வாங்குங்கள். சிவப்பாக இருப்பது பூ அல்ல, இலை. நடுவில் மஞ்சளாகப் பொடிப்பொடியாக இருக்கிறதே, அதுதான் பூ. அது இன்னும் விரியாமல் மொட்டாக இருந்தால் செடி நிறைய நாள் தாங்கும். உதிர்ந்திருந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் கூடாது. மேல் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். ஜிகினாத்தாளில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

விஷச்செடி என்று யாராவது பயமுறுத்துவார்கள். 1919ல் ஹவாயில் ஒரு குழந்தை இதைத் தின்று இறந்ததாகக் கிளம்பிய வதந்தி அது. அமெரிக்க விஷமுறிவு மையங்களில் பதிவான 22,793 சம்பவங்களை அலசி 1996ல் ஓர் ஆய்வு வந்தது. சாவு ஒன்றுகூட இல்லை. ஆனால், நம்மூர் சதுரக்கள்ளியும் இதுவும் ஒரே இனம். கிள்ளினால் பால் வரும், பட்டால் அரிக்கும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது உத்தமம்.

அடுத்த வருடமும் சிவக்கவேண்டுமா? அக்டோபர் தொடங்கி எட்டு, பத்து வாரம் தினமும் பதினான்கு மணி நேரம் கும்மிருட்டு தரவேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழுக்குத் திறங்கள். தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியே விழுந்தால்கூடப் போச்சு, பச்சையாகவே நிற்கும்.

பாயின்செட் 1851 டிசம்பர் 12ம் தேதி இறந்தார். அமெரிக்காவில் அந்த நாள்தான் பாயின்செட்டியா தினம். மெக்சிகோவுக்கும் அது பெரிய நாள். குவாதலூப்பே மாதா திருவிழா. துரத்திவிட்ட ஆளின் பெயர் சரியாக அன்றைக்கும் வந்து நிற்கிறது பாருங்கள். 2023 டிசம்பரில் இந்தப் பெயரை மாற்றலாமா என்கிற பேச்சு அமெரிக்கப் பத்திரிகைகள் வரை வந்தது.

மாற்றுவார்களோ, மாட்டார்களோ. அடுத்த டிசம்பரில் நர்சரிக்குப் போனால் நீங்கள் ஒருமுறை நோச்சேபுவேனா என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முழிப்பார். பரவாயில்லை, கையை நீட்டிக் காட்டுங்கள். எடுத்துக் கொடுத்துவிடுவார்.