இரும்பில் எழுதிய வரலாறு

சிங்கப்பூர்த் தீவின் வடகோடியில், ஜொகூர் நீரிணையை நோக்கி அமைந்திருக்கும் ஊர் செம்பவாங். ரப்பர்த் தோட்டங்களும் சதுப்பு நிலங்களும் சூழ்ந்து கிடந்த இவ்வூரை உலக வரலாற்றில் இடம்பெறச் செய்தது பிரிட்டிஷ் கடற்படைத் தளமாகும். 1923ஆம் ஆண்டில் இதற்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பல்லாண்டு உழைப்பின் பயனாக, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய உலர்துறை 1938 பிப்ரவரி 14ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,000 அடி நீளமுள்ள அத்துறையில் அந்நாளைய மிகப் பெரிய போர்க்கப்பல்களும் செப்பனிடப்படலாம். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த உழைப்பாளர் பலர் இத்தளத்தில் வேலை செய்து, தலைமுறை தலைமுறையாகச் செம்பவாங்கைத் தம் ஊராகக் கொண்டனர்.

இவ்வளவு பெரிய தளத்தைக் காப்பதற்கெனக் கடலோரப் பீரங்கிகள் நிறுவப்பட்டன. அவற்றுள் பெரியவை குழல்வாய் விட்டம் 15 அங்குலம் உடைய 5 பீரங்கிகள். சாங்கியில் மூன்றும் புவன விஸ்தாவில் இரண்டும் நிறுத்தப்பட்டன. ஒவ்வொரு குண்டும் 800 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுடையது. 20 மைலுக்கு அப்பாலும் சென்று தாக்க வல்லது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அளித்த பெருங்கொடையின் ஒரு பகுதி இவற்றுக்குச் செலவிடப்பட்டமையால், சாங்கிப் பீரங்கி அணி ஜொகூரின் பெயரையே பெற்றது.

இப்பீரங்கிகள் செம்பவாங்கைக் காத்தனவா? வரலாறு தரும் விடை துயரமானது. 1941 டிசம்பர் 2ஆம் நாள் செம்பவாங்குக்கு வந்துசேர்ந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் இரு பெருங்கப்பல்களும் எட்டே நாளில், டிசம்பர் 10இல், குவாந்தான் கடற்பகுதியில் ஜப்பானிய வானூர்திகளால் மூழ்கடிக்கப்பட்டன. பகைவர் தரைவழியே வந்தனர். பீரங்கிகளுள் சில தரைப்பக்கம் திருப்பிச் சுடப்பட்டன எனினும், அவற்றுக்கென வைத்திருந்த குண்டுகளுள் பெரும்பாலானவை கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கென்றே ஆக்கப்பட்டவை. சரணடைவதற்கு முன்னர் அவற்றை இயக்கிய வீரர்களே வெடிவைத்துத் தகர்த்தனர். போர் முடிந்தபின் எஞ்சிய இரும்பு உடைத்து விற்கப்பட்டது. 1991இல் சாங்கிப் பீரங்கி அணியின் நிலத்தடி அறைகள் மீண்டும் கண்டறியப்பட்டன. 2002இல் அவ்விடத்தில் பீரங்கியின் மாதிரியுரு ஒன்று நிறுவப்பட்டது.

மாதிரியுரு உருவத்தையும் அளவையும் காட்டும். ஆயின் உலையில் உருகிப்போன குழலின்மீது வெட்டப்பட்டிருந்த எண்களும் குறிகளும் தழும்புகளும் எக்காலத்தும் திரும்பி வாரா. பழம்படைக்கலங்களைத் திரட்டும் முயற்சி எங்கே தொடங்குகிறது என்னும் வினாவுக்கு இந்நிகழ்ச்சியே தக்க முன்னுரையாகும். இரும்பு வெறும் இரும்பாக எண்ணப்படும் காலத்திலேயே அதனைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் இல்லாவிடின் வரலாறு எடைக்கு விற்கப்பட்டுவிடும்.

சொல்லும் பொருளும்

தமிழ் மாணவர்க்கு இத்துறையின் முதல் பாடம் சொல்லிலேயே கிடைக்கிறது. 'துப்பு' என்பதற்கு வலிமை என்னும் பொருள் இருத்தலால், துப்பாக்கி என்பது துப்பை ஆக்குவது எனச் சிலர் பிரித்துக் காண்பர். அஃது இனிய கற்பனையேயன்றி உண்மையன்று. துருக்கி மொழியில் 'துஃபெக்' என வழங்கிய சொல்லே பல நாடுகளைக் கடந்து தமிழில் துப்பாக்கியாயிற்று. ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி' என்னும் சொல் பீரங்கியாயிற்று. கருவி வந்த வழியைச் சொல்லே காட்டி நிற்கிறது.

எனினும் தமிழகம் பிறர் ஆக்கியதை வாங்கி வைத்ததோடு நின்றுவிடவில்லை. தஞ்சையின் பீரங்கி மேட்டில் இன்றும் கிடக்கும் பெரும்பீரங்கி, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரகுநாத நாயக்கர் காலத்தைச் சார்ந்தது. 7 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் 20 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அது, வார்ப்பில் ஊற்றப்பட்டதன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி, அடித்து இணைத்த கொல்லர் வேலைப்பாடு அது. மலாய்த் தீவுகளிலும் லேலா, ரெந்தாக்கா எனப்பட்ட வெண்கலச் சிறு பீரங்கிகள் வழங்கின. படகிலும் வீட்டு முகப்பிலும் நிறுத்தப்பட்ட அவை, போர்னியோவில் மணச்சீராகவும் செல்வமாகவும் மதிக்கப்பட்டன.

தஞ்சைக்கு மற்றொரு கதையும் உண்டு. மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண்வாரிசின்றி மறைந்தபின், அரண்மனைப் படைக்கலக் கொட்டில் ஆங்கில ஆட்சியாளரால் கலைக்கப்பட்டது. ஒரு பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டு, 1851இல் நிறுவப்பட்டிருந்த சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி பழைய உலோகமாகக் கழிக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவர் கண்ணில் பட்டவை மட்டுமே பிழைத்தன. சாங்கிப் பீரங்கிகட்கு நேர்ந்த முடிவே ஏறத்தாழ 80 ஆண்டுகட்கு முன்னர்த் தஞ்சையிலும் நேர்ந்திருந்தது.

முதற்படி சட்டம்

பழந்துப்பாக்கி திரட்ட விழைவோர் முதலில் அறிய வேண்டுவது தாம் வாழும் நாட்டின் சட்டமாகும். பழமை என்பதற்கு நாட்டுக்கு நாடு இலக்கணம் வேறுபடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றைத் தொன்மையானவை எனக் கொள்கிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தோடு, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். 100 ஆண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்ல இச்சட்டம் இடந்தராது. சிங்கப்பூரின் சட்டமோ மிகக் கடுமையானது. 1973ஆம் ஆண்டின் படைக்கலக் குற்றச் சட்டத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது சிறைக்கும் பிரம்படிக்கும் உரிய குற்றம். குற்றச்செயலில் அதனைச் சுடப் பயன்படுத்துவது மரண தண்டனைக்குரியது. 2021இல் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கெனப் புதிய சட்டமொன்றும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எனவே, ஊருக்குச் சென்ற இடத்தில் கண்ட பழந்துப்பாக்கி ஒன்றைப் 'பழையதுதானே' என்று பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது பெருந்தவறாக முடியும்.

இக்கட்டுப்பாட்டால் சிங்கப்பூர் மாணவர் இழப்பது சிறிதே. தேர்ந்த திரட்டாளர் எவரும் பொருளை வாங்குவதற்கு முன்னர்ப் பல ஆண்டுகள் பார்த்தே பழகியிருப்பர். ஒரு குறிப்பேடும் அளவுநாடாவும் பொறுமையுமே அவர்தம் முதல் உடைமைகள்.

இரண்டாம் படி இனங்காணல்

துப்பாக்கியின் காலத்தை அறியத் துணைபுரிவது, மருந்துக்குத் தீ மூட்டும் அமைப்பு. 15ஆம் நூற்றாண்டில் தோன்றிய திரித்துப்பாக்கியில், புகைந்துகொண்டிருக்கும் திரி மருந்தைத் தொட்டுப் பற்றவைத்தது. இந்தியாவில் இவ்வகை 19ஆம் நூற்றாண்டு வரையிலும் வழங்கியது. 17ஆம் நூற்றாண்டில் பரவிய சக்கிமுக்கித் துப்பாக்கியில், கல் எஃகில் மோதித் தீப்பொறியை எழுப்பியது. 19ஆம் நூற்றாண்டில், அடித்தால் வெடிக்கும் சிறு செப்புமூடி கல்லின் இடத்தைப் பிடித்தது. 1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு துப்பாக்கி இம்முறையைச் சார்ந்தது. அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பே 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு ஒரு பொறியாயிற்று. பின்னர், வாய்ப்புறம் மருந்தை இடித்து நிரப்பும் வழக்கம் ஒழிந்து, பின்புறம் தோட்டாவைச் செருகும் ஸ்னைடர், மார்ட்டினி ஹென்றி ஆகியவை வந்தன. இவ்வரிசையை மனத்திற் கொண்டால் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. சக்கிமுக்கித் துப்பாக்கிகள் பல பிற்காலத்தில் செப்புமூடி முறைக்கு மாற்றப்பட்டன. ஒரே துப்பாக்கியில் இரு காலங்கள் கலந்திருக்கக் கூடும்.

மூன்றாம் படி எழுத்துகளைப் படித்தல்

படைக்கலத்தின் மீதுள்ள குறிகள் கல்வெட்டுக்கு ஒப்பானவை. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையைக் காட்டும். முடியும் எழுத்தும் பிணைந்த முத்திரை எம்மன்னர் காலத்தது என்பதை உணர்த்தும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிகளில் 1808 வரை இதய வடிவக் குறியும், அதன்பின் நின்றெழுந்த சிங்கக் குறியும் காணப்படும். திப்பு சுல்தானின் படைக்கலங்களில் புலியின் வரிகளும், அவர் வகுத்த தனி ஆண்டுமுறையில் காலமும் பொறிக்கப்பட்டிருக்கும்.

பழைய ஆங்கிலப் பீரங்கிகளில் மூன்று எண்கள் இடைவெளி விட்டுப் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். காட்டாக, 20 - 2 - 16 என இருப்பின், அது நாளும் அன்று, ஆண்டும் அன்று. முதல் எண் 112 இராத்தல் கொண்ட அந்தரையும், இரண்டாவது 28 இராத்தல் கொண்ட கால் அந்தரையும், மூன்றாவது எஞ்சிய இராத்தலையும் குறிக்கும். பெருக்கிக் கூட்டின் 2,312 இராத்தல், அதாவது ஏறத்தாழ 1,049 கிலோகிராம் எனப் பீரங்கியின் எடை கிடைத்துவிடும். கணக்கறிந்த பள்ளி மாணவர் எவரும் இவ்விரும்பேட்டைப் படிக்கலாம்.

சில இடங்களில் குறி இல்லாமையே செய்தியாகும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியத் துப்பாக்கிகளில் 16 இதழ்ச் செவ்வந்தி முத்திரை இருக்கும். பேரரசரின் சின்னம் பகைவர் கையிற் படலாகாது என்று, சரணடைந்த துப்பாக்கிகள் பலவற்றில் அது தேய்த்து அழிக்கப்பட்டது. அழித்த தடமே, அத்துப்பாக்கி ஒரு பேரரசின் தோல்வியைக் கண்டது என்பதற்குச் சான்றாகிவிட்டது.

ஆதலின், பழம்படைக்கலத்தைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர், ஓலைச்சுவடியைக் கழுவித் தூய்மை செய்பவரை ஒப்பர். துருவைத் தடுக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் உலர்ந்த இடமும் வேண்டும்; அதற்குமேல் செய்வதை வல்லுநரிடம் விடல் நன்று. மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும் ஆற்றலை இழப்பதில்லை. நிரப்பிய நிலையிலேயே கைவிடப்பட்ட துப்பாக்கிகளும் உண்டாதலால், பழையது எனினும் நிரம்பியிருப்பதாகவே கருதிக் கையாளுதல் வேண்டும்.

போலியும் வரலாறும்

மதிப்புள்ள இடத்தில் போலியும் தோன்றும். இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கிலுள்ள தாரா ஆதம்கேல் போன்ற ஊர்களில், மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கியைப் பார்த்து அவ்வண்ணமே செய்யும் கைவினைஞர் இருந்தனர். ஆங்கில எழுத்தறியாத கொல்லர் குறிகளைத் தலைகீழாகப் பொறித்துப் பிடிபடுவதும் உண்டு. பொருளைவிட அதன் வரலாற்றுக்கே விலை மிகுதி. யாரிடமிருந்து யார் கைக்கு எவ்வாறு சென்றது என்னும் தொடர் அறுபடாமல் இருப்பதே நல்ல திரட்டின் இலக்கணம். 1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையாகப் பகிரப்பட்ட திப்புவின் துப்பாக்கிகள் இன்று பிரிட்டனின் மாளிகைகளில் இருக்கின்றன. அவற்றின் வழித்தோன்றலை ஆராய்வோர் கொள்ளையின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க நேரிடுகிறது.

எங்கே தொடங்குவது?

சிங்கப்பூரில் இக்கல்விக்கு வாய்ப்பான இடங்கள் உள. முன்னர்ப் பிளாக்காங் மாத்தி எனப்பட்ட செந்தோசாவில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த சிலோசோ கோட்டை 1975இல் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. பல காலத்துப் பீரங்கிகள் அங்கே திரட்டி வைக்கப்பட்டுள்ளன. 2022இல் அக்கோட்டை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கென்னிங் கோட்டைக் குன்றில் 9 இராத்தல் குண்டுக்குரிய பீரங்கிகள் இரண்டு நிற்கின்றன. பொழுது அறிவிக்கவும் நகரில் தீப்பற்றியதை உணர்த்தவும் அவை முழங்கின. குட்டி இந்தியாவை அடுத்திருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில், போருக்குப்பின் படைவீரர் விட்டுச் சென்ற உடையும் கருவியும் விற்கப்பட்டன. அச்சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. ஓர் இடம் மூடப்படுமுன் குறிப்பெடுத்தவர் பேறு பெற்றவர் என்பதற்கு அஃது அண்மைச் சான்று.

இறுதியில் எண்ணம் செம்பவாங்குக்கே திரும்புகிறது. 1968இல் அத்தளத்தின் துறை வாணிபக் கப்பல் பட்டறையாக மாறியது. 1971இன் இறுதிக்குள் பிரிட்டிஷ் படைகளுள் பெரும்பகுதி வெளியேறியது. அங்கே வேலை செய்த தமிழர் குடும்பங்கள் தீவெங்கும் பரவிவிட்டன. பீரங்கியின் எடை அதன் முதுகிலேயே பொறிக்கப்படும். அதனைச் சங்கிலியிட்டு இழுத்தவரின் பெயரோ எவ்விரும்பிலும் பொறிக்கப்படுவதில்லை. அவர் பெயர் இருக்கக்கூடிய இடங்கள் தளத்தின் நுழைவுச் சீட்டு, சம்பளச் சீட்டு, நிழற்படத்தின் பின்புறம், பணி ஓய்வுக் கடிதம் போன்றவையே. அவை இன்றும் சில வீட்டுப் பெட்டிகளில் கிடக்கக் கூடும். வீடு மாறும் நாளில் குப்பையோடு போகவும் கூடும்.

பழந்துப்பாக்கி திரட்டுவோர் கைக்கொள்ளும் ஒழுக்கமே இவற்றுக்கும் போதுமானது: பொருளை மாற்றாமை, குறியை அழிக்காமை, யாருடையது என எழுதி வைத்தல், காலம் கடவாமை. தமிழாசிரியர் ஒருவர் தம் வகுப்பு மாணவரை நோக்கி, 'தாத்தாவிடம் கேட்டு எழுதி வா' என்று சொல்லும் நாளிலேயே ஒரு திரட்டு தொடங்கிவிடுகிறது. அதற்கு உரிமம் வேண்டுவதில்லை.