போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட்

உலகத்துக்கே உல்லாசப் பிரயாணம் செய்யக் கற்றுக் கொடுத்த ஒரு கம்பெனி, மதுவிலக்குப் பிரசாரத்தில் பிறந்தது என்றால் நம்புவதற்குச் சற்றுச் சிரமமாக இருக்கும். ஆனால் விஷயம் அப்படித்தான். தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தில் மேஜை நாற்காலி செய்து பிழைத்த ஒரு தச்சர். தெய்வ பக்தி மிகுந்தவர். குடியை அறவே வெறுத்தவர். 1841-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி, லஃபரோ என்னும் ஊரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு, லெஸ்டர் நகரிலிருந்து ஒரு தனி ரெயில் ஏற்பாடு செய்தார். சுமார் 500 பேர் கிளம்பினார்கள். போக வரத் தலைக்கு ஒரு ஷில்லிங். குக்கும் கூடவே போனார்.

பிறகு அந்தத் தச்சருக்கு உளியைத் தொட நேரம் இருக்கவில்லை. 1851-ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்கு ஒன்றரை லட்சம் பேருக்குக் குறையாமல் அழைத்துச் சென்றார். அந்த எண்ணிக்கையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1868-ல் ஹோட்டல் கூப்பன் என்று ஒன்றைக் கொண்டு வந்தார். இங்கிலாந்திலேயே பணம் கட்டிச் சீட்டை வாங்கிக் கொள்ள வேண்டியது. அந்நிய நாட்டு ஹோட்டலில் சீட்டை நீட்டினால் அறையும் சாப்பாடும் கிடைக்கும். ஹோட்டல்காரர் ஏன் வெறும் காகிதத்துக்குச் சோறு போடுகிறார்? பின்னால் குக் பணம் அனுப்புவார் என்ற நம்பிக்கைதான்!

பிரயாணக் கம்பெனியின் வியாபார ரகசியம் முழுவதும் இதிலே அடங்கிவிட்டது. கோடையில் போகப் போகிறவர் மாதக் கணக்கில் முன்னதாகவே பணத்தைக் கட்டிவிடுகிறார். ஹோட்டல்காரருக்கோ விருந்தாளி தங்கிவிட்டுப் போன பிறகுதான் பணம் வரும். இடையில் அந்தப் பணம் கம்பெனியின் பெட்டியில் இருக்கும். ஊர் பார்க்கக் கிளம்பியவர், தாம் அறியாமலே, கம்பெனிக்குக் கடன் கொடுத்தவராகிவிடுகிறார்.

இனி 2019-ம் ஆண்டுக்கு வருவோம். குக்கின் பெயரைத் தாங்கிய கம்பெனிக்கு அப்போது வயது 178. விமானங்களும் கடைகளும், உலகம் முழுவதும் 21,000 சிப்பந்திகளும் இருந்தார்கள். வாடிக்கைக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. பின் எதற்குத்தான் பஞ்சம்? 2007-ல் மைட்ராவல் என்ற கம்பெனியைத் தன்னோடு இணைத்துக் கொண்டார்கள். அதற்கு மிகப் பெரிய மதிப்பைக் கணக்கில் எழுதி வைத்தார்கள். 2019 மே மாதத்தில், அதில் 110 கோடி பிரிட்டிஷ் பவுன் வெறும் காற்று என்று ஒப்புக்கொண்டு கணக்கிலிருந்து தள்ளும்படி ஆயிற்று. கடனோ ஏற்கெனவே மலையாகக் குவிந்திருந்தது. போதாக்குறைக்கு, இன்டர்நெட்டில் ஜனங்கள் தாங்களே டிக்கெட்டும் அறையும் பதிவு செய்துகொள்ளப் பழகிவிட்டார்கள்.

கோடை முடிந்ததும் இந்த வியாபாரத்தில் வரவு வற்றிவிடும். ஹோட்டல் பாக்கிகள் மட்டும் வந்து கதவைத் தட்டும். குளிர்காலத்தைத் தாண்ட இன்னும் 20 கோடி பவுன் வேண்டும் என்று பாங்கிகள் பிடிவாதம் செய்தன. சர்க்காரிடம் 15 கோடி கேட்டுப் பார்த்தார்கள்; சர்க்கார் கையை விரித்துவிட்டது. செப்டம்பர் 22-ந் தேதி இரவு வரை பேச்சு நடந்தது. 23-ந் தேதி பொழுது விடிவதற்குள் கம்பெனி மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டது.

அதற்கு இரண்டு நாள் முன்பே, டுனீஷியாவில் ஹம்மாமெட் என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டல், பணத்தை எண்ணி வைத்தால்தான் வெளியே விடுவேன் என்று வாயிற்கதவைச் சாத்திக் கொண்டதாம். உள்ளே இருந்தவர்கள் முழுத் தொகையையும் ஊரிலேயே கட்டியவர்கள்! 1868-ல் குக்கின் காகிதத்துக்கு இருந்த மதிப்பு 2019-ல் இல்லாமல் போயிற்று.

கம்பெனி விழுந்த அன்று வெளிநாடுகளில் இருந்த பிரிட்டிஷ் பிரயாணிகள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். 1851-ல் அழைத்துப் போன தொகையேதான். அழைத்துச் சென்றவர் இறந்துவிட்டார். திரும்ப அழைத்து வர யார் இருக்கிறார்கள்?

இருந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் மனத்துக்கு ஆறுதலான பகுதி. பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து அதிகார சபை, 'மாட்டர்ஹார்ன்' என்று ஆல்ப்ஸ் சிகரம் ஒன்றின் பெயரை வைத்து, ரகசியமாக ஏற்பாடு செய்து வைத்திருந்தது. மலேசியாவிலிருந்துகூட விமானத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். இரண்டே வாரத்தில் சுமார் 1,40,000 பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தச் சமயோசிதம் ஒரு நாளில் வந்ததல்ல. 1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் என்ற கம்பெனி இதே மாதிரி விழுந்து, பல்லாயிரம் பேர் வெளிநாடுகளில் தவித்தார்கள். முன்பணம் கட்டிவிட்டு வீட்டில் காத்திருந்தவர்களின் பணத்துக்கும் ஆபத்து வந்தது. அடுத்த வருஷமே, இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு நிதி ஏற்படுத்தச் சட்டம் செய்தார்கள். 2019-ல் உல்லாசப் பிரயாணம் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் இரண்டரைப் பவுன் வீதம் இப்படியொரு பொதுவான நிதியில் சேர்ந்து வந்தது. ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் காணாத தொகை! அந்தச் சில்லறைதான் பலருக்கு வீடு திரும்பும் வழியாயிற்று. விமானச் சீட்டு மட்டும் வாங்கி, இந்தப் பாதுகாப்பில் சேராதவர்களையும் சர்க்கார் கைவிடவில்லை.

ஆனால் எல்லோருக்கும் நிதி இருந்ததா? மத்தியதரைக் கடலோரத்துச் சிறு ஹோட்டல்காரர்கள் கோடை முழுவதும் சோறு போட்டுவிட்டுப் பாக்கிக்காக வானத்தைப் பார்த்தார்கள். பிரிட்டனில் மட்டும் 9,000 சிப்பந்திகள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். பிறகு வேறொரு கம்பெனி 555 கடைகளை வாங்கிப் பலருக்கு வேலை கொடுத்தது என்பது உண்மை. இருந்தாலும், அன்று காலை விமானத்திலிருந்து இறங்கிய சிப்பந்தியின் மனம் எப்படி இருந்திருக்கும்? கடைசிப் பிரயாணியையும் புன்னகையோடு வழியனுப்பிவிட்டுத்தானே அவர் தம் வேலை போன கதையை நினைத்திருப்பார்!

நம் நாட்டில் அதே பெயரில் உள்ள கம்பெனி 2012-லேயே வேறு கைக்கு மாறிவிட்டதால் இந்தப் புயல் அதைத் தொடவில்லை. அதனால் பாடமும் நம்மைத் தொடக்கூடாது என்பதில்லை. உல்லாசப் பிரயாணத்துக்குப் பணம் கட்டும்போது எந்த மலை, எந்த அருவி, காலைப் பலகாரம் உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "நீங்கள் இல்லாவிட்டால் எங்களைத் திரும்ப அழைத்து வருவது யார், ஐயா?"