அறுவை மேசையில் ஏறும் ஏ.டி.ஜி.: ஓராண்டுக் கணக்கில் வராத ஆபத்து

சிறுநீரக மாற்று அறுவையின்போதே, நிராகரிப்பைத் தடுக்கச் செலுத்தப்படும் ஏ.டி.ஜி. என்ற மருந்து, அதே நோக்கில் தரப்படும் பாசிலிக்சிமாப் அளவுக்கே பாதுகாப்பானது என்ற முடிவு மருத்துவ எழுத்துகளில் வேரூன்றிவிட்டது. அதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது, 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான, 278 நோயாளிகளைக் கொண்ட ஒப்பீட்டாய்வு. அதன் எண்களை நான் மறுக்கவில்லை. மலேசியாவின் பத்து காவானிலோ தமிழ்நாட்டின் வேலூரிலோ வாழும் நோயாளிக்கு அவற்றை அப்படியே பொருத்துவதைத்தான் மறுக்கிறேன்.

ஆய்வில் சேர்ந்தவர்கள் இறந்தோரின் சிறுநீரகத்தைப் பெற்றவர்கள். நிராகரிப்புக்கோ, சிறுநீரகம் தாமதமாக இயங்குவதற்கோ வாய்ப்பு அதிகமுள்ளவர்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் ஏ.டி.ஜி., புதிய சிறுநீரகத்துக்குள் ரத்தம் பாயும் முன்பே தொடங்கப்பட்டு, அடுத்த நான்கு நாட்களும் தரப்பட்டது. பன்னிரண்டு மாத முடிவில் நிராகரிப்பு ஏ.டி.ஜி. பிரிவில் 15.6 சதவீதம், பாசிலிக்சிமாப் பிரிவில் 25.5. தொற்று முறையே 85.8, 75.2. சைட்டோமெகாலோ வைரஸ் நோய் மட்டும் 7.8, 17.5 எனத் தலைகீழாக இருந்தது. பாதுகாப்பானது என்று எழுதியோர் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி இணையைத்தான்: பொதுத் தொற்று கூடினாலும் அஞ்சத்தக்க வைரஸ் குறைந்தது, ஆகவே கணக்கு நேராகிவிட்டது என்றார்கள்.

கழித்துப் பார்த்தால் நேராகவில்லை. நூறு பேரில் சுமார் பத்துப் பேருக்கு நிராகரிப்பு தவிர்ந்தது. பத்துப் பேருக்குச் சற்று மேல் தொற்று கூடியது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு எண்களில் ஒன்று பலன் என்றும் மற்றது பக்கவிளைவு என்றும் எழுதப்பட்டன. நிராகரிப்பு, தாமத இயக்கம், சிறுநீரக இழப்பு, மரணம் ஆகியவற்றைச் சேர்த்த முதன்மை அளவீட்டிலோ (50.4க்கு 56.2) புள்ளியியல்படி வேறுபாடே இல்லை. தவிர, சைட்டோமெகாலோ வைரஸைத் தடுப்பு மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். அதைக் காட்டி மற்றத் தொற்றுகளை ஈடுகட்ட முடியாது.

அமெரிக்க, ஐரோப்பிய மையங்களில் நடந்த ஓராண்டு ஆய்வின் கண்ணுக்குப் படாதது காசநோய். மலேசியாவில் ஆண்டுதோறும் லட்சம் பேரில் 90க்கு மேற்பட்டோருக்கு அது வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1980, 90களில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு வந்தது. ஏ.டி.ஜி. அழிப்பது, உறங்கும் காசக் கிருமியைக் காவல் காக்கும் அதே டி அணுக்களை. அவை மீள மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். அறுவை கோலாலம்பூரில் நடந்திருக்கலாம். பத்து காவான்காரர் டி அணுக்கள் மீள்வதற்குள் வீடு திரும்பி, பாலம் கடந்து ஜார்ஜ் டவுனில் மருத்துவரைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். மேசையில் ரத்த அழுத்தம் விழவில்லை, காய்ச்சல் வரவில்லை என்று எழுதி மூடிய குறிப்பு அவருடைய ஆபத்தைச் சொல்லாது. அறுவையன்று ஏற்றும் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் தனி எச்சரிக்கை கேட்கிறது. தோட்ட மண்ணில் செருப்பில்லாமல் வளர்ந்தவரின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு பல பத்தாண்டுகள் சத்தமின்றி இருக்கலாம். ஸ்டீராய்டு ஏறியதும் உடலெங்கும் பரவி உயிரைக் குடிக்கலாம்.

நிராகரிப்பு வந்தால் அதை அடக்கத் தரும் மருந்தும் தொற்றைக் கூட்டுமே என்பது வலுவான மறுப்பு. ஆனால் எதிர்ப்புரத மருந்து தேவைப்பட்ட நிராகரிப்பு அந்த ஆய்விலேயே ஏ.டி.ஜி. பிரிவில் 1.4 சதவீதம், பாசிலிக்சிமாப் பிரிவில் 8. ஆறேழு பேரைக் காக்க நூறு பேருக்கும் முன்கூட்டியே ஏற்றுகிறோம். இன்று அளவு குறைக்கப்பட்டுவிட்டது என்ற வாதம், காசநோய் மலிந்த நிலத்தில் ஆய்ந்து காட்டப்படும்வரை எனக்குப் போதாது.

முன்பே எதிர்ப்புரதம் உருவாகிவிட்டவருக்கு ஏ.டி.ஜி. தேவை, அதில் எனக்குத் தயக்கமில்லை. நிராகரிப்பு வாய்ப்பு குறைந்தவருக்கு நிலைமை வேறு. 615 பேரை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வில் ஏ.டி.ஜி. பிரிவின் நிராகரிப்பு 9.9 சதவீதம்; பாசிலிக்சிமாப்புடன் ஸ்டீராய்டைத் தொடர்ந்தவர்களில் 11.2. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2009இன் பன்னாட்டு வழிகாட்டியும் பாசிலிக்சிமாப் வகையையே முதலில் வைத்தது. தாயோ உடன்பிறந்தவரோ தரும் சிறுநீரகத்தைப் பெறுபவருக்கு, வேறு காரணம் இல்லாவிட்டால், ஏ.டி.ஜி.யைத் தொட வேண்டியதில்லை. யாருக்குத் தந்தாலும், அறுவைக்கு நாள் குறிக்கும் முன் உறங்கும் காசத்துக்கும் புழுவுக்கும் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்பது ஊரில் அவரைப் பார்க்கும் மருத்துவரின் கோப்பில் இருக்க வேண்டும். காசநோய்ப் பதிவு ஐந்தாண்டாவது தொடர வேண்டும்.