ரசிகர்களும் காட்டிக்கொடுத்தலும்

இரு ஆண்களின் காதலைச் சொன்ன 'அடிக்டட்' என்ற தொடர் 2016 பெப்ரவரியில், முடியும் முன்னரே சீனாவில் நிறுத்தப்பட்டது. தணிக்கைக்குப் பயந்து, 2019இல் வந்த 'தி அன்டேம்ட்' மூலநாவலின் காதலை நட்பாக மாற்றிக்கொண்டது. மறைக்கப்பட்டதை ரசிகர்கள் பார்வைகளிலும் மௌனங்களிலும் கண்டுபிடித்தார்கள். தாங்களே கதைகளும் எழுதினார்கள்.

சிலர் பாத்திரங்களை விட்டு நடிகர்களையே காதலர்களாக்கினார்கள். 2020 பெப்ரவரியில் அப்படியொரு கதை நடிகர் சியாவ் ஜானை இழிவுபடுத்துகிறதென்று அவருடைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். 29ஆம் திகதி, 'ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்' என்ற கதைக் களஞ்சியம் முழுவதுமே சீனாவில் முடங்கியது. ஆத்திரமுற்ற வாசகர்களோ, கதையை எழுதவும் செய்யாத முறையிடவும் செய்யாத அந்த நடிகர் விளம்பரம் செய்த பொருட்களைப் பகிஷ்கரித்தார்கள்.

உயிரோடிருக்கும் ஒருவரைக் கேளாமல் கதையாக்கலாமா? நியாயமான கேள்விதான். எழுதுபவர்களும் வாசிப்பவர்களும் தமக்குள் விவாதித்திருக்க வேண்டியது. அரசின் கதவைத் தட்டியதும் விவாதம் செத்துத் தடை மட்டுமே மிஞ்சியது.

றெஸ்ரோரண்ட் குசினிகளில் கோப்பை கழுவும் எங்களுக்கு இது அந்நியமான கதையா? வேலிச் சண்டைகூட முறைப்பாடாகி, ஆட்கள் காணாமல்போன ஊர்களிலிருந்துதானே நாங்கள் வந்தோம்.