அனுப்பியவரும் செலவை ஏற்றவரும்: வியட்நாமிய மாணவரின் அயல்நாட்டுக் கல்வி வரலாறு

வியட்நாமிய மாணவர் உயர்கல்விக்காகக் கடல் கடந்த வரலாற்றைச் சேரிடங்களின் வரிசையாகச் சொல்வதே வழக்கம்: முதலில் ஜப்பான், அடுத்துப் பிரான்ஸ், பின்னர் சோவியத் ஒன்றியம், இன்று அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும். இவ்வரிசையில் பிழையில்லை என்றாலும், ஒவ்வொரு கட்டத்திலும் செலவை ஏற்றவர் யார், அதற்கு ஈடாக மாணவரிடம் கேட்கப்பட்டது என்ன என்னும் கேள்விகளுக்கு அது விடை தருவதில்லை. வியட்நாமிய மொழியில் வழங்கும் இரு சொற்கள் இவ்வகையில் கவனிக்கத்தக்கவை. அரசு ஆவணங்களில் பயிலும் 'லூ ஹொக் சின்' என்பது அயலூரில் தங்கிப் படிப்பவரையும், இன்று பேச்சில் பெருவழக்கான 'யூ ஹொக் சின்' என்பது பயணம் போய்ப் படிப்பவரையும் குறிக்கும். இரண்டும் சீன வேரினவே. எனினும் முன்னதில் அனுப்பியவரின் குரலும் பின்னதில் புறப்பட்டவரின் குரலும் கேட்கின்றன.

கற்றவர் அரசுக்குக் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் அங்குப் பழமையானது. ஹனோயின் இலக்கியக் கோயிலில், கல் ஆமைகளின் முதுகில் நிற்கும் 82 கற்பலகைகள் அரசுத் தேர்வில் உயர்பட்டம் பெற்றோரின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன. அத்தேர்வு முறை 1919இல் முடிவுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே, அம்முறையில் தேறிய அறிஞர் ஒருவர் அதற்கு வெளியே வழி தேடிவிட்டார். 1905இல் ஜப்பான் சென்ற ஃபான் போய் சாவ் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகப் படைக்கலம் பெற விரும்பினார். யோக்கஹாமாவில் தங்கியிருந்த சீனச் சீர்திருத்தவாதி லியாங் சிச்சாவ், படைக்கலத்துக்கு முன் ஆட்களை ஆயத்தம் செய்யுமாறு அவருக்கு அறிவுறுத்தினார். அதிலிருந்து 'தோங் யூ', அதாவது கீழ்த்திசைப் பயணம், என்னும் இயக்கம் பிறந்தது. அதற்காக ஃபான் எழுதிய தொடக்கக்கால அறிக்கைகளுள் ஒன்றின் தலைப்பே, அயல்நாட்டுக் கல்விக்குப் பொருளுதவி செய்யுமாறு நாட்டு மக்களை வேண்டுவதாக அமைந்தது. விடுதலை வேட்கையும் நிதி திரட்டலும் ஒரே தாளில் அச்சேறின எனலாம்.

தென்பகுதி நிலக்கிழார்களும் வணிகர்களும் அவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தமையால் 1908 அளவில் ஏறத்தாழ 200 மாணவர் ஜப்பானில் இருந்தனர். இவ்வேற்பாட்டின் வலுவின்மையும் பணம் வந்த வழியிலேயே இருந்தது. பிரெஞ்சு அதிகாரிகள் மாணவரின் தந்தையரைப் பிடித்து, பிள்ளைகளைத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் எழுத வைத்தனர். 1907இல் பிரான்சோடு உடன்பாடு செய்துகொண்ட ஜப்பான் அம்மாணவரைக் கலைந்து போகப் பணித்தது. 1909இல் ஃபானும் வெளியேற்றப்பட்டார். கையில் காசின்றி அவர் தவித்த அந்நாளில் 1,700 யென் கொடுத்து உதவியவர் அசாபா சகித்தாரோ என்னும் மருத்துவர். 1918இல் ஃபான் மீண்டும் வந்தபோது அம்மருத்துவர் உயிரோடு இல்லை. அவர் பிறந்த ஊரில் நினைவுக்கல் எழுப்ப ஃபானிடம் இருந்த பணம் போதாமல் போகவே, எஞ்சியதை ஊராரே ஏற்றனர். ஷிசுவோக்கா மாகாணத்தில் அக்கல் இன்றும் நிற்கிறது.

பிரெஞ்சுக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1906இல் ஹனோயில் தொடங்கப்பட்ட இந்தோசீனப் பல்கலைக்கழகம் இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டு 1917இல்தான் மறுபடி திறக்கப்பட்டது; வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளைப் பாரிசுக்கும் மோன்பெலியேவுக்கும் அனுப்பின. ஆட்சிக்கு உகந்த படிப்பாளிகளை எதிர்பார்த்த அரசுக்குக் கிடைத்தவர் பலர் அதன் எதிரிகள். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான யென் பாய் எழுச்சியில் பங்கேற்றோருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையைக் கண்டித்து 1930 மே மாதம் பாரிசில் ஆர்ப்பாட்டம் செய்த மாணவருள் 19 பேர் நாடு கடத்தப்பட்டனர்.

அரசே அனுப்பி அரசே செலவை ஏற்கும் முறை, பிரெஞ்சாருக்கு எதிரான போரின் நடுவே 1951இல் பின்னாளைய வட வியட்நாம் அரசு தன் மாணவரைச் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பியதிலிருந்து உருப்பெற்றது. 1955இல் 149 சிறுவர் சிறுமியர் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகிலுள்ள மோரிட்ஸ்பர்க் சென்று சேர்ந்தனர். அங்கு ஜெர்மன் கற்றவர்களுள் பலர் பிற்காலத்தில் இரு நாடுகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராயினர். மாஸ்கோவில் 1959இல் முனைவரான ஹோவாங் துய் கணிதத்தில் முழுதளாவிய உகமத் துறைக்கு, அதாவது பல தீர்வுகளுள் யாவற்றிலும் சிறந்ததைக் கண்டறியும் முறைக்கு, அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். மாஸ்கோ இசைக்கல்லூரி மாணவர் தாங் தாய் சோன் 1980இல் வார்சாவில் ஷோப்பான் பியானோப் போட்டியில் முதலிடம் பெற்றார். குண்டுவீச்சுக்கு உள்ளான ஏழை நாடொன்று இத்தகையோரை வெளியே அனுப்பி வளர்த்தது வியப்புக்குரியதே. ஆனால் அதற்குரிய விலையை மாணவர் கொடுத்தனர். துறையைத் தேர்ந்தது அரசு. அயல்நாட்டவரைக் காதலிப்பது குற்றமாகக் கருதப்பட்டது. சோவியத் கொள்கை திரிபுவாதம் எனப்பட்ட 1964இல் பலர் படிப்பை முடிக்காமலே திருப்பி அழைக்கப்பட்டனர். 1980களில் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் ஒரு பொருளாதாரம் முளைத்தது. ஊர் திரும்பும் மாணவரின் மரப்பெட்டிகளில் பாடநூல்களோடு இஸ்திரிப்பெட்டி, பிரஷர் குக்கர், முடிந்தால் சரத்தோவ் குளிர்பதனப் பெட்டி ஆகியன இருந்தன. அவற்றை விற்ற பணத்தில் பல குடும்பங்கள் அந்நாளைய பற்றாக்குறைக் காலத்தைக் கடந்தன. குடும்பம் மாணவருக்குச் செலவிடும் காலம் வருமுன், மாணவர் குடும்பத்துக்குச் சம்பாதித்த காலம் ஒன்று இருந்தது என்பதைக் கல்வி வரலாறுகள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை.

'தோய் மோய்' எனப்படும் 1986ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தமும், 1995இல் அமெரிக்காவோடு மீண்டும் ஏற்பட்ட தூதரக உறவும் திசையை மாற்றின. இம்மாற்றத்தில் நிதி வந்த வழி விசித்திரமானது. போரில் வீழ்ந்த தென் வியட்நாமின் சைகோன் அரசு அமெரிக்காவிடம் பட்டிருந்த கடனில் ஏறத்தாழ 14.5 கோடி டாலரை அடைக்க, அவ்வரசைத் தோற்கடித்த ஹனோய் 1997இல் இசைந்தது. அவ்வாறு திரும்பி வந்த தொகையில் ஆண்டுதோறும் 50 லட்சம் டாலரை ஒதுக்க, 2000இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் 'வியட்நாம் கல்வி அறக்கட்டளை'யை நிறுவியது. அவ்வறக்கட்டளையின் உதவியால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியலும் பொறியியலும் பயின்ற வியட்நாமியர், பகைவர் விட்டுச்சென்ற கடனைத் தம் நாடு அடைத்த பணத்தில் பயின்றவர்கள்.

அதே 2000இல் வியட்நாம் அரசு தன் நிதியிலிருந்து 322ஆம் திட்டத்தையும், 2010இல் 911ஆம் திட்டத்தையும் தொடங்கியது. பின்னது 2020க்குள் 20,000 முனைவர்களை உருவாக்கவும், அவர்களுள் 10,000 பேரை வெளிநாட்டில் பயிற்றவும் இலக்கு வைத்து, அதை எட்டாமல் போயிற்று. இதற்குள் 'தூ துக்', அதாவது சொந்தச் செலவு, என்னும் அடைமொழி ஏற்ற மாணவர் தொகை அரசு அனுப்பியோரின் தொகையைப் பன்மடங்கு விஞ்சியிருந்தது. அமெரிக்காவில் மட்டும் அண்மை ஆண்டுகளில் 20,000க்கு மேற்பட்ட வியட்நாமியர் பயில்கின்றனர். செலவு குறைந்த ஈராண்டுச் சமூகக் கல்லூரிகளில் சேர்ந்து, பின்னர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வோர் அவர்களுள் கணிசமானோர்.

இவ்விரு முறைகளும் மோதிய இடம் தா நாங் நகரம். ஊர் திரும்பி நகரப் பணியில் குறித்த ஆண்டுகள் இருப்பதாக ஒப்பந்தம் எழுதி வாங்கி, அந்நகராட்சி தன் செலவில் இளைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பியது. சிலர் திரும்பவில்லை, திரும்பியவர்களுள் சிலர் இடையிலேயே விலகினர். செலவிட்ட தொகையைக் கேட்டு நகரம் நீதிமன்றம் சென்றபோது, வெளிநாட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளைகளுக்காக வழக்கில் நிற்க வேண்டியவராயினர், ஒப்பந்தத்தில் பிணை கையெழுத்திட்டிருந்த பெற்றோர்.