தூள் ஆடுகிறதா, நீந்துகிறதா?

விருத்தாசலத்தில் பொம்மை வார்ப்பவர்கள் களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றும் முன், அதில் சிறிது சோடியம் சிலிகேட் கலப்பது வழக்கம். அப்போதுதான் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி, கட்டி தட்டாமல் நிற்கும். அந்தக் கூழில் ஒரு சொட்டை நிறையத் தண்ணீர்விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், மைக்ரான் அளவுத் துகள்கள் ஓயாமல் துடிப்பது தெரியும். மண்ணுக்கு ஏது உயிர்?

இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டவர் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன். 1827 கோடையில் அவர் கண்டது, மகரந்த மணிக்குள் இருக்கும் நுண்துகள்களின் ஆட்டம். (மகரந்த மணியே ஆடியதாகப் பலரும் எழுதுகிறார்கள், அவ்வளவு ஆட அது மிகப் பெரியது.) உயிரின் அசைவு என்றே முதலில் நினைத்தார். ஆனால் நினைத்ததோடு நிற்கவில்லை. நூறாண்டுக்கு முன் உலர்ந்த செடிகளைச் சோதித்தார். கண்ணாடி, கரி, பாறை, எகிப்திய ஸ்பிங்ஸ் சிலையின் துணுக்கு வரை பொடித்துப் பார்த்தார். எல்லாமே ஆடின. நீர் ஆவியாகும்போது எழும் ஓட்டமோ என்று, நீர்த்துளியை எண்ணெய்க்குள் அடைத்தும் பார்த்தார். ஆட்டம் ஓயவில்லை. உயிரற்றதையும் சோதித்த அந்தப் பொறுமைதான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

காரணத்தை 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டார்: நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் சமமாக மோதுவதில்லை. 1908 முதல் ழான் பெரன் அதை அளந்து உறுதிசெய்து, 1926இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே கணக்கு இன்று வேறொரு வேலைக்கு உதவுகிறது: துகள் வெறுமே ஆடுகிறதா, தானே நீந்துகிறதா என்று பிரித்தறிய. வெறும் மோதலால் ஆடும் துகள், நான்கு மடங்கு நேரத்தில் சராசரியாக இரண்டு மடங்கு தூரமே விலகும். தானே உந்திச் செல்லும் துகள், தொடக்கத்தில் நான்கு மடங்கு விலகும். திசை அடிக்கடி திரும்புவதால் பிறகு அதுவும் பழைய கணக்குக்கு வரும், ஆனால் பரவல் கூடுதலாக இருக்கும். நீரோட்டத்தில் மிதப்பதும் நேர்க்கோட்டில் போகும் என்பதால் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும்: எல்லாத் துகளும் ஒரே திசையில் போனால் அது ஓட்டம். 2007இல் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள், பாதி பிளாட்டினம் பூசிய உருண்டைகள் ஹைட்ரஜன் பெராக்சைடில் தாமாக நீந்துவதை இப்படி அளந்துதான் நிறுவினார்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் படிக்கும் மாணவர்களே, கூழும் நுண்ணோக்கியும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு துகளின் பாதையை வரைந்து அளந்து பாருங்கள்.